ஜன்னலோரத்துப் பாசி

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற நீ, கிளம்பும் அவசரத்தில் உன் கண்ணாடியை என் குளியலறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதை வைத்து ரயிலில் சீட்டு எண் பார்த்தாயோ!

இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ஜன்னலோரம் ஒரு மண் தட்டு, பக்கத்தில் மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடி. இரண்டிலும் பாசி. ஏதோ அழுக்குத் துணியைச் சுருட்டி வைத்திருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து காலை உடைத்துக்கொண்டவளைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள், பூ வாங்கி வருவார்கள். மனிதர்களை வழுக்கி விழவைக்கிற சாமானைக் காசு கொடுத்து வாங்கி வந்தவன் இந்த உலகத்திலேயே நீ ஒருவன்தான். சுவரில் பிடித்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடிப்போமே, அதைத் தட்டில் வைத்துக் கொஞ்ச வேண்டுமா?

என் கதை உனக்குத் தெரிந்ததுதான். கட்டில், நாற்காலி, கைத்தடி, மறுபடி கட்டில். கம்பெனியிலிருந்து மேலாளர் வந்தார். “கால் சரியாகட்டும்மா, அப்புறம் பாக்கலாம்” என்றார். இருபத்தாறு வருஷம் அந்த மனிதருக்குக் கீழே லிஃப்ட் மெக்கானிக்காக இருந்திருக்கிறேன். அவர் ‘பாக்கலாம்’ என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் கட்டடத்து லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அதைப் பார்த்துக்கொள்வது வேறு கம்பெனி. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் இரண்டாம் மாடிக்குத் தூக்கி வந்தார்களே, அன்று ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “லிஃப்ட் ரிப்பேர் பண்றவங்களத் தூக்கிட்டுப் படியேறுறோம் பாத்தியா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

போன் செய்யாதே. போனில் நீ அழுகிறாய், அப்புறம் நான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கிறது. கடிதம் எழுது.

உன் வீட்டோடு வந்துவிடச் சொன்னாய். வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடி வந்து சேர்ந்தது. ரயிலில் அடுத்தவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அவரும் என் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பாசியை நீ திட்டாதே. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் செடிக்கடையில் வாங்கினேன். உன் வீட்டு ஜன்னல் வடக்குப் பார்த்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது என்று கடைக்காரம்மாவிடம் சொன்னேன். “அப்ப இதுதான் சார். இதுக்கு வெயிலே ஆகாது. வேரும் கிடையாது, இலையாலேயே தண்ணி குடிக்கும். உரம் கிரம்னு எதையும் போட்டுடாதீங்க” என்றாள். தினமும் காலையில் புகை மாதிரி லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதுமாம். ஜாடியின் மூடியை நாளுக்கு ஒருமுறை திறந்து காற்று விட வேண்டுமாம்.

இத்துடன் என் கடையிலிருந்து ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருக்கிறேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். பாசியை அதன் வழியாகப் பார். பிடிக்கவில்லை என்றால் தூக்கி எறிந்துவிடு. கண்ணாடியை அல்ல, பாசியை.

இங்கே உனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள் என் வீட்டுக்காரி. தரைத்தளம். ஒரு படிகூடக் கிடையாது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாயிற்று. “அண்ணி எப்ப வர்றாங்க?” என்று வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

உன் அன்புத் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

உன் பாசியைக் கொன்றுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கடைக்காரம்மா சொன்னபடியேதான் செய்தேன். துணி தேய்க்கும்போது தெளிக்கிற பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, காலை எட்டு மணிக்குத் தவறாமல் தெளித்தேன். இரண்டாவது வாரத்தில் தட்டிலிருந்த பாசியின் நுனியெல்லாம் பழுப்பு. மூன்றாவது வாரம் பழைய கால்மிதி மாதிரி ஆகிவிட்டது. ஜாடியில் இருந்ததற்கு வேறு வியாதி. மூடியைத் திறக்க நான்கு நாள் மறந்துவிட்டேன், வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிட்டது. குப்பையில் போடத்தான் எடுத்தேன். அப்போது மேல்வீட்டு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுக்கிறவர். தட்டைப் பார்த்துவிட்டு, “கெட்டில் அடியில வெள்ளையாப் படியுதே, அது எங்கேயிருந்து வருது?” என்று கேட்டார்.

“தண்ணியிலேருந்துதான்.”

“அதைத்தான் இதுக்கும் குடுத்திருக்கீங்க. இதுக்கு வேர் இல்ல, வடிகட்ட வழியில்ல. மழைத் தண்ணி குடுங்க. பாசி அவ்வளவு சுலபமாச் சாகாது, காஞ்சு தூங்கும்.”

மொட்டை மாடியில் தான் வைத்திருக்கும் வாளியிலிருந்து ஒரு பாட்டில் மழைத் தண்ணீர் கொண்டு வந்து தந்தார். ஜாடியிலிருந்த பூஞ்சையை நான் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்து எடுத்தேன். தட்டுப் பாசியை உள்ளங்கையால் மண்ணோடு அழுத்திவிட்டேன். தூக்கிக்கொண்டு நின்றால் காய்ந்துவிடுமாம்.

அந்தப் பாட்டில் ஆறு நாளில் தீர்ந்தது. டீச்சர் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். என் வீட்டு வாசலிலிருந்து மொட்டை மாடிக்கு அறுபத்தெட்டுப் படி. முதல் நாள் மூன்றாம் மாடி வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. நேற்று போய்ச் சேர்ந்தேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது அதுதான். மேலே போய் வாளிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு மாதத்துக்குப் பிறகு வானத்தை ஜன்னல் சட்டம் இல்லாமல் பார்த்தேன். பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இதைச் சொன்னதற்கு நீ திட்டுவாய். திட்டு.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டத்தான் போகிறேன். உனக்கு என்ன பைத்தியமா? பாசிக்குத் தண்ணீர் வேண்டும் என்று கைத்தடியோடு அறுபத்தெட்டுப் படி ஏறுவார்களா? கால் இடறியிருந்தால்? அந்த நேரத்தில் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் இருக்குமா? கடையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒருவருக்கு இடது கண்ணுக்குப் போட வேண்டிய லென்ஸை வலது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து சண்டை போட்டார்.

பாசி போனால் போகிறது, பத்துப் பாசி வாங்கித் தருகிறேன். இனி ஏறாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கும்பிடு கிடைத்தது. தினமும் ஏறுகிறேன்.

பாசி பிழைத்துவிட்டது! முதலில் ஓரத்தில் ஓர் ஊசி முனையளவு பச்சை. அது பச்சைதானா, என் ஆசையா என்று தெரியாமல் உன் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பச்சைதான். அடேயப்பா, அதற்குள் என்னென்ன இருக்கிறது! வெறும் கண்ணுக்குக் கம்பளித் துண்டு. உள்ளே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மரம். இப்போது தட்டு முழுக்கப் பச்சை, தொட்டால் மெத்தை. போன வாரம் அதிலிருந்து தலைமயிர் மாதிரிச் சிவப்புக் காம்புகள் கிளம்பின. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கூம்பிய ஒரு தொப்பி. நாற்பத்து மூன்று எண்ணினேன். டீச்சர் பார்த்துவிட்டு, “ரெண்டு வருஷமா வளர்க்கறேன், என்னோடது ஒரு தடவைகூட இப்படி வந்ததில்ல” என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு அடக்கமெல்லாம் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காய்ந்து கிடந்து பிழைத்துக்கொண்டது, உன்னைப் போலவே என்று நீ எழுதப் பார்ப்பாய். எழுதாதே. அது பாசி. நான் மெக்கானிக்.

மெக்கானிக் என்றதும் ஞாபகம் வருகிறது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கும்போது மூன்றாம் மாடியில் ஒரு பருத்த மனிதர் எங்கள் லிஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவையாக வந்திருக்கிறாராம். போர்டு மாற்றியாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று. லிஃப்ட் ஓடும், நடுவில் நிற்கும். நான் மூச்சு வாங்குவதற்காகப் படியில் உட்கார்ந்தேன். அவர் கதவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மூடும்போது ஒரே ஒரு ‘டக்’ கேட்க வேண்டும். எனக்கு ‘டக்’ கேட்டது, அதன் வாலில் பல்லைக் கடிக்கிற மாதிரி இன்னொரு சின்னச் சத்தமும் கேட்டது.

“இந்த மாடிக் கதவுப் பூட்டைக் கழட்டிப் பாருங்க. உள்ளே கரண்ட் தொடுற காண்டாக்ட் தேஞ்சிருக்கும்” என்றேன்.

அவர் என் கைத்தடியைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய பாட்டிலைப் பார்த்தார். “நீங்க யாரும்மா?”

“கீழ்வீட்டுல பாசி வளர்க்கறவ.”

கழட்டினார். தேய்ந்துதான் இருந்தது. பையிலிருந்து புதிதாக ஒன்று எடுத்துப் போட்டார். பத்து நிமிடம். லிஃப்ட் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. என் வேலையைப் பற்றி அப்புறம்தான் சொன்னேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார் தம்பி. எனக்கு! தொப்பியைக் கழற்றிவிட்டு, “ஏறுங்கக்கா, முதல் சவாரி நீங்க” என்றார்.

ஏறினேன். ஆனால் அடுத்த நாள் தண்ணீருக்குப் படியில்தான் போனேன். பழகிவிட்டது.

அன்புடன்,
அக்கா


மே 3

தம்பிக்கு,

இன்று வாடகை வாங்கும் வீட்டுக்காரர் ஒரு கணவன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். வீடு பார்க்க வந்திருக்கிறார்களாம். நான் ஏதோ தவறு என்று நினைத்து உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தேன். அந்தப் பெண் டேப் வைத்து என் ஜன்னலை அளந்தாள். “இந்தத் தட்டு, ஜாடியெல்லாம் எடுத்துடுவீங்கல்ல?” என்றாள்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “உங்க தம்பி லெட்டர் போட்டிருந்தாரே... உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். உன் கையெழுத்து. மார்ச் 26. எனக்கு எழுதிய மறுநாள். ‘அக்காவின் உடல்நிலை இனித் தேறுவதற்கில்லை, ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொள்கிறோம்.’

எந்த டாக்டர் உன்னிடம் அப்படிச் சொன்னார்? எனக்கும் சொல்லியிருக்கலாம். நான் தினமும் அறுபத்தெட்டுப் படி ஏறிக்கொண்டிருக்கிறேன். தேறுவதற்கில்லை என்று தெரிந்திருந்தால் பேசாமல் படுத்துக் கிடந்திருப்பேனே.

அவர்களிடம் வீடு காலியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் பாவம், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள் இல்லை.

இனி எனக்கு எழுதாதே.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் செய்தது தப்பு. உன் படிக்கட்டுக் கடிதத்தைப் படித்த அன்று முழுக்க, நீ அந்தப் படிகளில் விழுந்து கிடக்கிற மாதிரியே கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீடே இல்லாமல் போனால் என்னிடம் வந்துதானே ஆக வேண்டும் என்று புத்தி போயிற்று.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் வந்து சேர்ந்தவன் நான். நீ நினைவில்லாமல் இருந்தாய். டாக்டர் ஒரு தாளை நீட்டி, “காலை எடுக்க வேண்டியிருக்கலாம், சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க” என்றார். போட்டேன். மூன்று மணி நேரம் வெளியே பெஞ்சில், நீ ஒற்றைக் காலோடு வருவாயா, இரண்டு காலோடு வருவாயா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கால் தப்பியது என்று சொன்னபோது அந்தத் தாளைப் பற்றி உன்னிடம் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து உனக்காக நானே கையெழுத்துப் போடுவது பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

உன் தம்பி


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகத் தபால்காரர் என் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். அவர் இப்போது தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டேன். முதல் கடிதம் பொய் என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன்.

பாசி எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது ஒரு வரி போடு.

உன் தம்பி


ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

பாசி நன்றாக இருக்கிறது. தட்டு போதாமல் போய், பிய்த்து இன்னும் மூன்று தட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று டீச்சருக்கு. ஒன்று ஜன்னலை அளந்தாளே, அந்தப் பெண்ணுக்கு. பக்கத்துத் தெருவிலேயே வீடு கிடைத்துவிட்டதாம். வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

உன் இரண்டு கடிதத்தையும் பலமுறை படித்தேன். பதில் போடாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. உனக்குச் சொல்ல ஒரு சேதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எல்லாம் நம் வீட்டுப் பிடிவாதம்தான்.

அந்தப் பருத்த மெக்கானிக் ஊரெல்லாம் கதை பரப்பியிருக்கிறார். மொட்டை மாடிக்குத் தண்ணீர் எடுக்கப் போன ஓர் அம்மா, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிட்டாள் என்று. அது சுற்றி வந்து என் மேலாளர் காதிலேயே விழுந்திருக்கிறது. மே கடைசியில் அவர் வந்தார். “ஆய்வாளர் வேலை ஒண்ணு காலியா இருக்கு. மத்தவங்க பாத்த வேலையைச் சரியான்னு பாத்துச் சொல்லணும். ஆனா ஏணி ஏறிக் காட்டணும். ரூல் அப்படி” என்றார். குரலைத் தாழ்த்தி, “வேணும்னா தேர்வை நாலஞ்சு மாசம் தள்ளி வெக்கலாம்” என்றார். தள்ள வேண்டாம் என்றேன்.

போன திங்கட்கிழமை தேர்வு. எட்டு மீட்டர் இரும்பு ஏணி, லிஃப்ட் குழிக்குள். உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆறாவது படியில் கை வியர்த்துவிட்டது. விழுந்த அன்று கேட்ட சத்தம் காதுக்குள் வந்தது. கீழே தேர்வாளர், “இறங்கிடுறீங்களாம்மா?” என்றார். நல்ல காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தேன். உச்சிக்குப் போய், அங்கிருந்த கப்பியில் ஒரு கீறல் இருப்பதைப் பார்த்து அதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். தேர்வாளர் கீறலைக் குறித்துக்கொண்டார். “இது தேர்வுக்காக வெச்சது இல்லீங்களே” என்று முழித்தார். தேறிவிட்டேன்.

ஆஸ்பத்திரித் தாளில் நீ போட்ட கையெழுத்துக்கு நன்றி. அந்த மூன்று மணி நேரத்துக்கும் நன்றி. இரண்டாவது கையெழுத்துக்குக் கிடையாது. அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அதையே நினைத்துக்கொண்டும் இருக்கமாட்டேன்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. நான் யாரிடமும் கேட்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பதினைந்தாம் தேதி வெளியூர் போகிறேன், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினான்கு லிஃப்டுகளைச் சரிபார்க்க. பன்னிரண்டு நாள். டீச்சரும் ஊரில் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து தங்கிப் பாசியைப் பார்த்துக்கொள்வாயா? மழைத் தண்ணீர் மட்டும்தான். காலையில் எட்டு மணிக்கு, பனி விழுந்த மாதிரி. குளிப்பாட்டிவிடாதே, ஊறிக் கிடந்தால் அழுகும். ஜாடி மூடியை ஒரு மணி நேரம் திறந்து வை. பாவம் இருட்டில் கிடக்கிறதே என்று வெயிலில் வைத்தாயோ, தொலைந்தாய். நுனி சுருண்டால் தாகம், அவ்வளவுதான், பதறாதே. சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். அவரிடம் நீயே கேட்டு வாங்கிக்கொள். அது உனக்கு நான் போட்ட தண்டனை.

அன்புடன்,
அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மேசையிலிருந்து எழுதுகிறேன். நீ தங்கியிருக்கும் விடுதிக்கு இது நாளன்றைக்கு வந்துவிடும்.

தண்டனையை நிறைவேற்றினேன். வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “லெட்டர் போட்ட தம்பி நீங்கதானா?” என்றார். ஆமாம் என்றேன். “ரெண்டு லெட்டருமா?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பாசி எல்லாம் சுகம். ஒரு நாள் கை தவறி அதிகமாகத் தெளித்துவிட்டேன், தட்டைச் சாய்த்து வடித்துவிட்டேன். இவ்வளவு பச்சையை நான் எதிர்பார்க்கவில்லை. கடையில் வாங்கியபோது என் உள்ளங்கையளவுதான் இருந்தது.

மேலே தண்ணீர் எடுக்க நான் லிஃப்டில் போகவில்லை. வேண்டுமென்றே படியில் போனேன். நான்காம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. இரண்டு காலும் நன்றாக இருக்கிறவன், கைத்தடி இல்லாதவன், உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்துதான் வீட்டுக்காரருக்கு நான் எழுதிய அந்த வரியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

உனக்கென்று ஒழித்த அறையில் என் வீட்டுக்காரி தையல் மெஷினைப் போட்டுவிட்டாள். நான்தான் போடச் சொன்னேன். விருந்தாளியாக நீ வந்தால் கூடத்தில் படுத்துக்கொள்.

இன்று காலை உன் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் கவர் கொண்டு வந்தார். உன் புது அடையாள அட்டை. நீ திரும்பியதும் தேவைப்படுமாம். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார். “அவங்க சார்பா நான் போடலாமா?” என்று இரண்டு தடவை கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “கவரை வாங்கினதுக்குத்தான் சார்” என்றார். போட்டேன்.

கவர் ஒட்டியிருக்கவில்லை, எடுத்துப் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். படத்தில் முகவாயை உயர்த்திக்கொண்டு, எதிரே நிற்பவன் வேலையைச் சரியாகச் செய்தானா என்று கேட்கிற மாதிரி நிற்கிறாய். கீழே உன் பெயர். அதன் கீழே ‘முதுநிலை ஆய்வாளர், லிஃப்ட் பாதுகாப்பு’. என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அவள், “இன்னொரு தடவை படிங்க” என்றாள்.

படித்தேன்.

உன் தம்பி